வயலை விற்ற பிறகும் வீட்டு வளவு

காணிப் பிரச்சினைகள் பற்றி எழுதப் போகும் இடங்களில் வயதான கமக்காரர்கள் ஒரே கவலையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கமம் செய்ய இனி உடம்பில் பலமில்லை, பிள்ளைகள் வெளியில். காணியை விற்கலாம், ஆனால் விற்றால் இருந்த வீட்டையும் விட்டுப் போகவேண்டுமே என்பார்கள். விளைநிலத்தைப் பாதுகாத்துக்கொண்டே இதற்கு வழி செய்த சட்டம் எங்காவது உண்டா என்று தேடினேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்று இருக்கிறது.

மலையும் காடும் நிறைந்த அந்த மாகாணத்தில் பயிர்ச்செய்கைக்கு ஏற்ற நிலம் குறைவு. ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 ஹெக்டயர் நல்ல விளைநிலம் வீடுகளுக்கும் கட்டடங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. டேவ் பரெட் தலைமையிலான அரசாங்கம் 1972 டிசம்பர் 21ஆம் திகதி விளைநிலங்களைத் துண்டாடுவதைத் தடுத்து நிறுத்தியது. 1973இல் சட்டம் இயற்றி, விவசாய நில ஒதுக்கத்தையும் அதற்கான ஆணைக்குழுவையும் உருவாக்கியது. இன்று மாகாணப் பரப்பில் ஏறத்தாழ 5 வீதம், அதாவது 46 இலட்சம் ஹெக்டயர், அதற்குள் அடங்குகிறது.

தடை வந்தபோது ஏற்கெனவே அங்கே கமம் செய்துகொண்டிருந்தவர்களின் முதுமைக்கு என்ன வழி? அதற்காகவே ஆணைக்குழு ஒரு விதிவிலக்கு வைத்தது. விவசாயி காணியை விற்கும்போது, தன் வீடு இருக்கும் வளவை மட்டும் தனித் துண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். நிபந்தனைகள் இறுக்கமானவை:

- 1972 டிசம்பர் 21 முதல் காணி தொடர்ச்சியாக அவர் பெயரில் இருந்திருக்கவேண்டும். அவர் அங்கேயே நிரந்தரமாக வசித்திருக்கவும் வேண்டும். இரண்டுக்கும் ஆவணச் சான்று தேவை.
- மீதிக் காணியை உண்மையாகவே விற்கப்போவதைக் காட்டவேண்டும்.
- பிரிக்கும் துண்டு சிறியதாக இருக்கவேண்டும். மீதிக் காணி கமம் செய்யத் தக்கதாக எஞ்சவேண்டும்.
- ஒரு முறைதான் பிரிக்கலாம். பிரித்த வளவை ஐந்து ஆண்டுகளுக்கு விற்க முடியாது.

இவ்வளவும் இருந்தாலும் அது தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. பிரிப்பதால் விளைநிலம் கெடும் என்று கண்டால் ஆணைக்குழு மறுக்கலாம். வயலுக்கு நடுவே புதுக் குடியிருப்பு முளைத்தால் உழவு, மருந்தடிப்பு, மாட்டுச் சாண நாற்றம் என்று அயலில் பிணக்கு வரும். துண்டுகள் பெருகினால் நில விலையும் ஏறி, இளம் விவசாயிக்கு எட்டாமல் போகும். அதனால்தான் இவ்வளவு இறுக்கம். 1972இல் 30 வயதாக இருந்தவர் இன்று 80ஐத் தாண்டிவிட்டார். ஆகவே இது ஒரு தலைமுறையோடு முடியப்போகும் சலுகை.

வாசிக்கையில் என்னை நிறுத்தியது முதல் நிபந்தனைதான். ஒரு திகதி முதல் இடைவிடாது அங்கேயே வசித்ததை ஆவணத்தால் காட்டவேண்டும். எங்களில் எத்தனை பேரால் அது முடியும்? உறுதி இடப்பெயர்வில் தொலைந்தது. வீடு இருந்தும் உள்ளே போக முடியாத ஆண்டுகள் உண்டு.

எங்கள் நாட்டிலும் வயல்நிலத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்த முடியாது. போர் காலக் கணக்கைக் குழப்பியதையும் சட்டம் ஒருமுறை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பத்து ஆண்டு எதிர் ஆட்சியால் ஒருவர் காணிக்கு உரிமை கோரலாம் என்பது பொதுவிதி. போரினால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து விலக்க 2016இல் தனிச் சட்டம் வந்தது.

முதிய கமக்காரருக்கு வளவு கொடுக்கும் விதி இங்கேயும் நாளை எழுதப்படலாம். எழுதப்பட்டால், இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளையும் அவர் அங்கே வாழ்ந்த ஆண்டுகளாகவே எண்ணவேண்டும். தொலைந்த உறுதிக்குப் பதிலாக வேறு சான்றுகளை ஏற்கவும் வேண்டும். இல்லாவிட்டால் ஊரை விட்டு ஒருநாளும் ஓட நேராதவருக்கு மட்டுமே அந்த வளவு கிடைக்கும்.