ஆவணக் காப்பகவியலுக்கு விண்ணப்பிக்கும் தங்கைக்கு

நல்லூர்ப் பக்கத்துத் தங்கை ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஆவணக் காப்பகவியல் படிக்கலாமா? அதில் நம் மக்களுக்கு என்ன இருக்கிறது?" விண்ணப்பத்தில் 'ஏன் இந்தப் படிப்பு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதுதான் அவருக்குச் சிக்கல். அந்தக் கட்டத்தில் எழுத நமக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது, தோழர்களே.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பில் இருந்த திரமென்கீர், அம்மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதையொட்டி 30.9.1892இல் வருவாய்த்துறை அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று நாம் சொல்வதன் வேர் அதுதான். முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. நிலம் எப்படிப் பறிபோனது என்பது ஊருக்கு ஊர் தெரிந்த கதை. 1994 அக்டோபர் 10இல் காரணையின் அந்த நிலத்தைக் கேட்டதற்காக ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள்.

நம் பாட்டிமார்களுக்கு அது நம் நிலம் என்று வாய்வழியாகத் தெரியும். ஆனால் வழக்கு மன்றம் தாளைக் கேட்கிறது. அந்தத் தாள்களில் பெரும்பகுதி எழும்பூரில், 1909இல் எழுந்த கட்டடத்தில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அங்கே ஊர்ப் பெயரைச் சொன்னால் மட்டும் கோப்பு வராது. துறை, நாள், எண் மூன்றும் தெரிய வேண்டும். நல்லூர்க்காரர் 1993க்கு முந்தையதைக் கடலூர் மாவட்டத்தில் தேடினால் ஏமாந்துபோவார். தென்னாற்காடு என்று தேட வேண்டும். 1980களின் யு.டி.ஆர். பதிவுக்கு முந்தைய 'அ' பதிவேடு எது என்று பிரித்தறியவும் தெரிய வேண்டும். இதைத்தான் அந்தப் படிப்பு கற்றுத் தருகிறது.

அரசுக் காப்பகம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழ்கள் நமக்குக் கிடைத்ததற்கு, அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் அவற்றைக் கட்டிக்காத்தது முக்கியக் காரணம். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையில் வெளிவந்த பிறகே பல்கலைக்கழகங்கள் அவரைத் திரும்பிப் பார்த்தன. இரட்டைமலை சீனிவாசனின் 'பறையன்' இதழுக்கு அந்த வாய்ப்பு இல்லை. முழுத் தொகுப்பு இன்று நம் கையில் இல்லை.

படிப்பு வழியையும் சொல்லிவிடுவோம். தில்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓராண்டுப் பட்டயம் முதுகலை முடித்தவர்களுக்கானது. எனவே இளங்கலையில் வரலாறு எடுத்துப் போவதும் நல்ல வழியே. (வரலாறு படித்தால் வேலை கிடைக்காது என்று உறவினர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.)

விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன் ஒருமுறை வட்டாட்சியர் அலுவலகம் போய், உங்கள் ஊரின் பழைய 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். காட்டினாலும் சரி, இல்லையென்று அனுப்பினாலும் சரி, அந்தக் கட்டத்தில் எழுத விஷயம் கிடைத்துவிடும்.