தமிழ்நாட்டிற்கு வராத ‘டேம் 999’

‘டேம் 999’ கேரளத்தைச் சேர்ந்த சோகன் ராய் இயக்கிய ஆங்கிலத் திரைப்படம். 2011 நவம்பர் 25 அன்று இந்தியாவில் வெளியானது. வினய், விமலா ராமன், ஆஷிஷ் வித்யார்த்தி ஆகியோர் நடித்த இப்படத்தைத் தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளிலும் வெளியிடத் திட்டமிட்டிருந்தனர். மத்தியத் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் சான்றிதழும் பெற்றிருந்தது. எனினும் வெளியீட்டிற்கு முந்தைய நாளான நவம்பர் 24 அன்று தமிழ்நாடு அரசு இதற்குத் தடை விதித்தது. தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் இப்படம் ஓடவில்லை.

ஒரு படைப்பு ஓர் எல்லையைத் தாண்டாமல் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் வணிகமே காரணமாகச் சொல்லப்படும். ஜப்பானில் 2006-இல் வெளியான ‘மதர் 3’ என்ற நிகழ்பட விளையாட்டு அதிகாரபூர்வமாக ஆங்கிலத்தில் வரவே இல்லை. 2008-இல் ரசிகர்களே அதை மொழிபெயர்த்து இணையத்தில் பகிர்ந்தனர். ‘டேம் 999’ நின்றதற்கு மொழியோ சந்தையோ காரணமல்ல. முல்லைப் பெரியாறு அணையும் அதன் நீரை நம்பி வாழும் கம்பம் பள்ளத்தாக்குமே காரணம்.

தலைப்பில் உள்ள எண்

படத்தில் முல்லைப் பெரியாறு என்ற பெயர் இல்லை. கடலோடிகளின் வாழ்வு, காதல், சோதிடம் எனச் செல்லும் கதை ஓர் அணை உடைவதில் முடிகிறது. 1975-இல் சீனாவில் பான்சியாவ் அணை உடைந்த பேரழிவே தமக்குத் தூண்டுதல் என்று இயக்குநர் கூறினார். ஆனால் 999 என்ற எண்ணைத் தேனி மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் பிரித்தானிய இந்திய அரசுக்கும் இடையே கையெழுத்தான பெரியாறு குத்தகையின் காலம் 999 ஆண்டுகள். சீனத்து அணைக்கு இந்த எண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே படம் எதைச் சுட்டுகிறது என்ற ஐயம் வெறும் கற்பனை என்று ஒதுக்கக் கூடியதல்ல.

அந்தக் குத்தகையின்படி பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்ட அணை 1895-இல் பயன்பாட்டுக்கு வந்தது. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. லோயர் கேம்பில் இறங்கும் நீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியே சென்று வைகையில் சேர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் இந்நீரால் விளைகின்றன. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், திண்டுக்கல் மாவட்டங்களின் பாசனமும் குடிநீரும் இதோடு பிணைந்தவை.

அணையின் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் தமிழ்நாட்டுக்கு நீர் எடுக்க முடியாது. அதற்கு மேல் நிற்கும் ஒவ்வோர் அடியும் வயலுக்கான நீர் என்பதால்தான் இப்பகுதியில் அடிக்கணக்கு அன்றாடப் பேச்சாக இருக்கிறது. 152 அடி வரை தேக்க வடிவமைக்கப்பட்ட அணையில், பாதுகாப்பு குறித்த அச்சத்தால் 1979-இல் மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் கான்கிரீட் முகப்பு, கம்பி வட நங்கூரம், பின்புறக் கான்கிரீட் தாங்கல் ஆகியவற்றால் அணை வலுப்படுத்தப்பட்டது. 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி அளித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் 136 அடியை உச்சவரம்பாக்கிச் சட்டத்தைத் திருத்தியது. வழக்கு மீண்டும் தொடங்கியது.

2011 நவம்பர்

படம் வெளிவந்த நேரம் மிக மோசமானது. இடுக்கி மாவட்டத்தில் அந்த மாதம் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு, உப்புத்தறை பகுதிகளில் வாழ்வோரின் அச்சம் உண்மையானது. நூறாண்டு கடந்த சுண்ணாம்புச் சுர்க்கிக் கட்டுமானத்தின் கீழ் உறங்குபவர்களை நீதிமன்ற ஆவணங்களால் மட்டும் அமைதிப்படுத்திவிட முடியாது. அதே வாரத்தில் அணை உடையும் காட்சி திரைக்கு வந்தது.

தமிழகக் கட்சிகள் நாடாளுமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தன. மாநில அரசு தடை விதித்தது. டிசம்பரில் கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து பல்லாயிரம் பேர் குமுளி எல்லை நோக்கித் திரண்டனர். சாலைப் போக்குவரத்து நின்றது. தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு அன்றாடம் சென்றுவந்த தேனி மாவட்டத் தொழிலாளர்கள் வேலையிழந்தனர். அங்கேயே தங்கியிருந்த பலர் அஞ்சி ஊர் திரும்பினர். இக்கொந்தளிப்புக்குப் படம் மட்டும் காரணமல்ல. ஆயினும் பதற்றமான ஒரு காலத்தில் அது எண்ணெயாக அமைந்தது.

தடையின் சட்டப் பக்கம்

தணிக்கைச் சான்றிதழ் நாடு முழுவதற்கும் செல்லும். ஆனால் திரையிடலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத்திடம் உள்ளது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பொது அமைதி கெடும் என்று கருதினால் படத்தை நிறுத்திவைக்க அரசுக்கு இடம் தருகிறது. ‘தி டா வின்சி கோட்’ படத்தை 2006-இல் தமிழ்நாட்டில் நிறுத்தியதும் இப்பிரிவின் கீழ்தான். சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

அதற்கு முன்பே, ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படம் தொடர்பான 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், போராட்டம் வரும் என்ற அச்சத்தால் கருத்துரிமையை நசுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருந்தது. ‘டேம் 999’ தடைக்குச் சில மாதங்கள் முன், உத்தரப் பிரதேசத்தில் ‘ஆரக்‌ஷண்’ மீதான தடையையும் அந்நீதிமன்றம் நீக்கியது. இந்த முன்னுதாரணங்கள் இருந்தும் ‘டேம் 999’ தமிழ்நாட்டில் திரைக்கு வரவில்லை. திரைப்படத்தின் ஆயுள் முதல் சில வாரங்கள்தான். அந்த வாரங்கள் கடந்தபின் கிடைக்கும் தீர்ப்பால் வெளியீட்டாளருக்குப் பயன் குறைவு. திரையரங்கு உரிமையாளர்களும் அதைத் திரையிட விரும்பவில்லை.

தடையால் பள்ளத்தாக்கு மக்களுக்கு ஓர் இழப்பும் நேர்ந்தது. தங்கள் வயலைப் பற்றிய ஒரு வாதத்தை நேரில் பார்த்து மறுக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வலுப்படுத்தும் பணிகள் பற்றிய தொழில்நுட்ப விளக்கம் எல்லைக்கு அப்பால் இருந்த பார்வையாளர்களையும் சென்றடையவில்லை.

பின்னர்

2013 ஜனவரியில் லோயர் கேம்பில் பென்னிகுவிக் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று இப்பகுதி மக்கள் பொங்கல் வைக்கின்றனர். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கேரளத்தின் 2006 திருத்தத்தைச் செல்லாது என்று அறிவித்து 142 அடியை உறுதி செய்தது. அந்த ஆண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியை எட்டியது.

2025 மார்ச் 27 அன்று வெளியான ‘எம்புரான்’ என்ற மலையாளப் படத்திலும் முல்லைப் பெரியாற்றை நினைவூட்டும் ஓர் அணை வேறு பெயரில் இடம்பெற்றது. கம்பம் பகுதி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆனால் அப்படம் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் ஓடியது.