தொடக்ககாலத் திறன்பேசிகளில் தொடர்புகளின் காப்பும் மீட்பும்

தொடர்புகளின் காப்பும் மீட்பும் என்பது, கைப்பேசியில் சேர்ந்திருக்கும் பெயர், எண், முகவரி முதலியவற்றை வேறிடத்தில் படியெடுத்து வைத்து, கருவி பழுதாகும்போதோ தொலையும்போதோ மாறும்போதோ திரும்ப ஏற்றிக்கொள்ளும் நடைமுறை; பேச்சுவழக்கில் பேக்கப், ரீஸ்டோர் எனப்படும். முதல் திறன்பேசியான ஐபிஎம் சைமன் விற்பனைக்கு வந்த 1994 முதல், ஆப்பிளின் ஐகிளவுட் தொடங்கிய 2011 வரையிலான காலமே இங்கு தொடக்ககாலம் எனக் கொள்ளப்படுகிறது. இந்தப் பதினேழு ஆண்டுகளில் படியெடுக்கும் வழிகள் பெருகின. படியெடுத்தவை எல்லாம் திரும்பி வந்தனவா என்பது தனிக் கேள்வி. படி எந்த இடத்தில் இருந்தது என்பதைவிட எந்த வடிவில் எழுதப்பட்டிருந்தது என்பதே மீட்பைத் தீர்மானித்தது. அக்காலக் கருவிகளின் அமைப்பே இதற்குச் சான்று.

வகைப்பாடு

காப்புமுறைகளை இடத்தை வைத்துப் பிரிப்பதே வழக்கம்: சிம் அட்டையில் வைப்பது, மெமரி கார்டில் வைப்பது, கணினியில் வைப்பது, இணைய வழங்கியில் வைப்பது. இந்தப் பிரிப்பு நினைவில் வைக்க எளிது. ஆனால் மீட்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சிம்பியன் இயங்குதளம் கொண்ட நோக்கியா கருவிகளில் ஒரே மெமரி கார்டில் இரண்டு விதமான படிகளை இட முடிந்தது. ஒன்று, கருவியின் உள்ளடக்கத்தை மொத்தமாகக் கட்டிவைத்த காப்புக் கோப்பு; மற்றொன்று, ஆளுக்கொன்றாக எழுதப்பட்ட வீகார்ட் கோப்புகள். இடம் ஒன்று, கதி வேறு. முன்னதை விரிக்க அதே குடும்பத்துக் கருவி வேண்டும். பின்னதை எந்தக் கணினியின் எளிய உரைத்திருத்தியும் திறந்து காட்டும். ஆகவே வடிவத்தை வைத்து நான்காகப் பிரிப்பதே பொருந்தும்: அளவு குறித்த கட்டங்களில் எழுதும் கட்டப்பதிவு, கருவியின் தரவுத்தளத்தை அப்படியே பெயர்த்துவைக்கும் படிமம், இரு பட்டியல்களை ஒன்றுக்கொன்று சமப்படுத்தும் ஒத்திசைவு, கண்ணால் படிக்கத்தக்க திறந்த உரை.

கட்டப்பதிவு: சிம் அட்டை

அனலாக் வலையமைப்பில் இயங்கிய சைமனுக்கு சிம் அட்டை கிடையாது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1991இல், ஜெர்மனியின் கீசெக்க அண்டு டெவ்ரியன்ட் நிறுவனம் பின்லாந்தின் ரேடியோலின்யா சேவைக்கு முதல் சிம் அட்டைகளைச் செய்துகொடுத்திருந்தது. அட்டைக்குள் எண்களை எப்படி எழுதுவது என்பதை ஜிஎஸ்எம் 11.11 என்னும் தரநிலை வரையறுத்தது. ஒவ்வொரு பதிவும் இரண்டு துண்டு: முதலில் பெயர், அதன்பின் எண்ணுக்கும் அதன் துணைக்குறிப்புகளுக்குமாக 14 பைட். எண்ணுக்கு மட்டும் 10 பைட்; பைட்டுக்கு இரண்டு இலக்கம் என 20 இலக்கங்கள் பிடிக்கும். பெயருக்கு எத்தனை பைட் என்பதை அட்டையை வழங்கும் நிறுவனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடும்; பயனர் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பரவலாகப் புழங்கிய அட்டைகள் 250 பதிவுகளோடு நின்றன. இந்தப் பழைய அமைப்பில் ஒரு பதிவுக்கு ஒரே எண். வீட்டு எண்ணும் அலுவலக எண்ணும் உள்ள ஒருவர் சிம்முக்குள் போனால் இரண்டு ஆளாகிவிடுவார். அவருடைய மின்னஞ்சலுக்கும் முகவரிக்கும் அங்கே இடமே இல்லை.

பெயரைத் தமிழில் எழுதினால் இந்தக் கட்டத்தின் நெருக்கடி இன்னும் தெளிவாகும். பெயருக்கு 14 பைட் ஒதுக்கிய ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். ரோமன் எழுத்தில் 14 எழுத்து வரை அதில் அடங்கும். யூனிகோட் முறைக்கு மாறினால் முதல் பைட் அடையாளத்துக்குப் போய்விட, ஒரு குறிக்கு இரண்டு பைட் வீதம் ஆறு குறிகளே மிஞ்சும். தமிழில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ‘கார்த்திகேயன்’ என்பது 13 குறி. ஆறு குறிக்குள் அவர் ‘கார்த்’ ஆகிவிடுவார். தரநிலை இதற்கு ஒரு மாற்றும் வைத்திருந்தது: தொடக்கத்தில் மூன்று பைட் செலவழித்து, யூனிகோடின் எந்த 128 குறி கொண்ட பகுதி என்று சொல்லிவிட்டால், பிறகு ஒரு குறிக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு யூனிகோட் ஒதுக்கிய பகுதி சரியாக 128 இடங்கள். அந்தச் சட்டத்துக்குள் அது அச்சாகப் பொருந்துகிறது. அப்போது 11 குறிகள் கிடைக்கும். பெயர் ‘கார்த்திகேய’ வரை வந்து நிற்கும். இவ்வளவு குறுகலான கட்டத்துக்கும் ஒரு பெருமை உண்டு. விதி வெளிப்படையாக இருந்ததால், எந்த நிறுவனத்தின் ஜிஎஸ்எம் கருவியில் செருகினாலும் எண்கள் எழுந்து வந்தன. தரவின் செழுமையை இழந்து மீட்பின் உறுதியைப் பெற்ற வடிவம் இது.

படிமம்

1996இல் வெளிவந்த பாம் பைலட் கையடக்கக் கருவியும், அதன் வழிவந்த டிரியோ திறன்பேசிகளும் முகவரிப் புத்தகத்தை ரேம் நினைவகத்தில் வைத்திருந்தன. பேட்டரி முற்றிலும் தீர்ந்தால் பட்டியலும் தீர்ந்தது. 2004இல் வந்த டிரியோ 650 ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாறிய பிறகே பாம் குடும்பத்துத் திறன்பேசிகளில் இந்த அச்சம் நீங்கியது; மைக்ரோசாஃப்ட் தரப்பில் 2005இன் விண்டோஸ் மொபைல் 5.0 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் இக்கருவிகளில் காப்பு என்பது ஆபத்துக்காலத்து ஏற்பாடாக இல்லாமல் அன்றாடக் கடமையாக இருந்தது. பாம் தன் தரவுத்தளக் கோப்பின் அமைப்பை வெளிப்படையாக விளக்கியிருந்தது. ஆகவே பைலட்-லிங்க் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் அந்தக் கோப்புகளை நிறுவனத்தின் தயவின்றியே படித்தன. நோக்கியாவின் வழி வேறு. 2002இன் நோக்கியா 7650 தொடங்கி எஸ்60 வரிசைக் கருவிகள் தொடர்புகளைச் சிம்பியனுக்கே உரிய தரவுத்தளக் கோப்பில் வைத்தன. பிசி சூட் மென்பொருள் அவற்றை என்பியு என்னும் பின்னொட்டு கொண்ட ஒற்றைக் கோப்பாகக் கணினியில் கட்டிவைத்தது. அதன் உள்ளமைப்பு பயனருக்கு விளக்கப்படவில்லை. பிறர் அதைப் பிரித்துப் பார்த்தபோது, தொடர்புகள் உள்ளே வீகார்ட் உரையாகவே இருந்தன. எல்லாரும் படிக்கத்தக்க ஒன்றைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்திருந்தார்கள் என்பதே இதன் பொருள். வேறு நிறுவனத்தின் கருவிக்கு மாறியவர் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

ஒத்திசைவு

ஒத்திசைவைக் காப்பு என்று எண்ணுவது அக்காலத்துப் பெரும் குழப்பம். பாம் கருவியைத் தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் ஹாட்சிங்க் என்னும் ஒத்திசைவு ஓடும். ஒவ்வொரு பதிவிலும் ‘மாறியது’, ‘நீக்கப்பட்டது’ என்ற அடையாளங்கள் இருந்ததால், கடைசி ஒத்திசைவுக்குப் பின் மாறியவை மட்டும் பரிமாறப்பட்டன. கணினியில் மாறியது கைக்கு வந்தது, கையில் மாறியது கணினிக்குப் போனது. கையில் தவறுதலாக அழித்ததும் அதே வழியில் கணினிக்குப் போனது. பாமின் வடிவமைப்பாளர்கள் இந்த ஓட்டையை அறிந்தே இருந்தார்கள்: ஒரு பதிவை அழிக்கும்போது, கணினியில் அதைத் தனிக் காப்பகத்தில் வைக்கவா என்று கருவி கேட்டது. ஒத்திசைவே காப்பாக இருந்திருந்தால் அந்தக் கேள்விக்குத் தேவையே வந்திராது.

இந்த முறையைப் பல நிறுவனங்களுக்கும் பொதுவாக்க, எரிக்சன், ஐபிஎம், லோட்டஸ், மோட்டரோலா, நோக்கியா, பாம், சையான், ஸ்டார்ஃபிஷ் ஆகியவை 2000 பிப்ரவரியில் சிங்க்எம்எல் முயற்சியைத் தொடங்கின; அதே ஆண்டு டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது; 2002இல் அது ஓப்பன் மொபைல் அலையன்ஸ் அமைப்புக்குள் அடங்கியது. சிங்க்எம்எல் ஏழு வகை ஒத்திசைவை வகுத்தது. இருவழி ஒத்திசைவு இயல்பானது. இரு தரப்பிலும் குறித்துவைத்த கடைசி அடையாளம் பொருந்தாவிட்டால் மெதுவான ஒத்திசைவு தொடங்கி, எல்லாப் பதிவுகளையும் புலம் புலமாக ஒப்பிடும். ஒரு தரப்பு கத்தரித்துவிட்ட பெயர் மறுதரப்பில் முழுமையாக இருந்தால் ஒருவரே இரட்டையராவார். புதுப்பித்தல் வகை இதைவிட ஆபத்தானது: ஒரு தரப்பின் பட்டியல் மறுதரப்பை முழுதாக மூடி எழுதும். ரீசெட் ஆகி வெறுமையான கருவியிலிருந்து வழங்கியைப் புதுப்பித்தால், வழங்கியிலும் வெறுமையே மிஞ்சும். ஒத்திசைவு காப்பதெல்லாம் இரு பட்டியல்களுக்கிடையிலான சமநிலையை. நேற்றைய பட்டியலை அது காப்பதில்லை.

திறந்த உரை: வீகார்ட்

ஆப்பிள், ஏடி அண்டு டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகியவை கூடிய வெர்சிட் கூட்டமைப்பு உருவாக்கியதே வீகார்ட். அதன் 2.1 பதிப்பு 1996இலும், இணையத் தரநிலையான 3.0 பதிப்பு 1998இலும் வந்தன. ஆனால் கைப்பேசிகள் நெடுங்காலம் 2.1 பதிப்பையே பிடித்துக்கொண்டிருந்தன. அகச்சிவப்பு வழியாகவும் புளூடூத் வழியாகவும் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிய ‘விசிட்டிங் கார்டு’ இதுதான். இந்த வடிவத்துக்கும் குறைகள் இருந்தன. ரோமன் அல்லாத எழுத்தை 2.1 பதிப்பில் எழுத ஒவ்வொரு பைட்டும் மூன்று ரோமன் குறிகளாக விரிக்கப்படும். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்; ஆக ஒன்பது ரோமன் குறிகள். கார்த்திகேயன் இங்கே 117 குறிகளாக நீள்வார். வரிக்கு 76 குறி என்பது வரம்பு. பெயர் இரண்டாவது வரிக்கு மடிந்தே தீரும். மடிந்த வரியை ஒட்டிப் படிக்கத் தெரியாத மென்பொருளில் பெயரின் வால் அறுந்துவிடும். பெயரின் கட்டமைப்பும் ஐந்து பகுதியாக வகுக்கப்பட்டது. முதலிடம் குடும்பப் பெயருக்கு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே சுமக்கும் தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் எது? ஒரு கருவி முதலெழுத்தை ஒரு பெட்டியில் போட, மறு கருவி வேறு பெட்டியில் எடுக்க, அகரவரிசையே புரண்டுபோகும்.

மறுப்புகள்

இவ்வளவு குறை உள்ள வடிவத்தை எப்படி உயர்த்திப் பேசுவது என்று கேட்கலாம். குறைகளின் தன்மையில்தான் வேறுபாடு இருக்கிறது. வீகார்டில் பெயர் சிதைந்தாலும் எண் அப்படியே நிற்கும். சிதைந்த வரியைக் கோப்பைத் திறந்து கையால் ஒட்டவும் முடியும். படிமத்தில் ஒரு பகுதி கெட்டாலோ, அதைப் படிக்கும் மென்பொருள் கைவிடப்பட்டாலோ, பயனர் செய்வதற்கு ஒன்றுமில்லை. எளிமையே நன்மை என்றால் சிம் அட்டையே போதுமே என்பது இரண்டாவது மறுப்பு. சிம் அட்டை எண்ணைத் தாங்கும். ஆளின் முகவரியையும் மின்னஞ்சலையும் தாங்காது. மேலும் அது கருவிக்குள்ளேயே இருக்கும். கருவி களவு போனால் சிம்மும் கூடவே போகும். கருவி மாற்றத்துக்கு அது நல்ல வாகனம், இழப்புக்கு எதிரான காப்பு ஆகாது.

மூன்றாவது மறுப்பே வலுவானது: இடம் முக்கியமில்லை என்றால் 2009இன் சைட்கிக் திறன்பேசி நிகழ்வை எப்படி விளக்குவது? 2002இல் அறிமுகமான இக்கருவியின் தொடர்புகள், அதை உருவாக்கிய டேஞ்சர் நிறுவனத்தின் வழங்கியில் இருந்தன. அந்நிறுவனத்தை 2008இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2009 அக்டோபரில் வழங்கி பழுதாகி, தரவு பெரும்பாலும் தொலைந்துவிட்டது என்று அக்கருவியை விற்ற டி-மொபைல் நிறுவனம் முதலில் அறிவித்தது. சில நாள்களில் பெரும்பகுதி மீட்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. இடையில் பயனர்களுக்குத் தரப்பட்ட அறிவுரை கவனிக்கத்தக்கது: பேட்டரியைக் கழற்றாதீர்கள், கருவியை ரீசெட் செய்யாதீர்கள். எண்கள் கருவியில் கண்முன்னே தெரிந்துகொண்டுதான் இருந்தன. வழங்கியில் ஒன்று, கருவியில் ஒன்று என இடம் இரண்டு இருந்தது. இரண்டும் ஒரே சேவையைச் சார்ந்த ஒரே ஒத்திசைவின் இரு முனைகள். அதனால்தான் முனை ஒன்று அறுந்ததும் மற்றது நிழல்போல் ஆனது. இடம் பொருட்டே இல்லை என்பது இதனால் பெறப்படவில்லை. சேவையைச் சாராத வடிவில் ஒரு படி இல்லாதபோது, இடங்களின் எண்ணிக்கை காப்பாற்றுவதில்லை என்பதே பெறப்படுகிறது.

இன்றைய நிலை

2008இன் ஆண்ட்ராய்டும் 2011இன் ஐகிளவுடும் தொடர்புகளைக் கணக்கோடு பிணைத்தன; கருவி மாற்றம் கடவுச்சொல்லை இடும் வேலையாகச் சுருங்கியது. 2011இல் வீகார்டின் 4.0 பதிப்பும், வீகார்ட் வடிவில் தொடர்புகளைப் பரிமாறும் கார்ட்டாவ் ஒத்திசைவு நெறியும் இணையத் தரநிலைகளாயின. அந்தக் கணக்குகளிலிருந்து தொடர்புகளை வெளியே எடுக்கும்போது கைக்கு வருவது இன்றும் பெரும்பாலும் ஒரு வீகார்ட் கோப்பே.