பஸ்ராச் சுவர் போன வழி

எங்கள் ஊர் தண்டலத்திலிருந்து பூந்தமல்லி, போரூர் தாண்டி நந்தம்பாக்கம் போனால் போர்க் கல்லறைத் தோட்டம் வரும். அதிகாரியோ சிப்பாயோ, கல் ஒரே அளவுதான். 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை அது. அதே ஆணையம் ஈராக்கில் எழுப்பிய சுவரின் கதை வேறு.

மெசபடோமியாவில் முதல் உலகப் போரில் இறந்து, கல்லறை தெரியாமல் போன நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கான சின்னம் அது. 1929 மார்ச் 27 அன்று பஸ்ரா அருகே மாகில் கப்பல் துறையில் திறந்தார்கள். 80 மீட்டர் நீளத் தூண் வரிசை, பின்னால் சிலேட்டுப் பலகைகள். பிரிட்டிஷ் பிரிவென்றால் கடைசிச் சிப்பாய் வரை பெயர் உண்டு. இந்தியப் பிரிவென்றால் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். அதன்கீழ் ‘மேலும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்’ என்று ஓர் எண். மதராஸ் சேப்பர்ஸ் கம்பெனிகளும் அந்தப் போரில் இருந்தன. மெசபடோமியாவின் கூட் நகர முற்றுகையில் சிக்கிய பம்பாய் சேப்பர்ஸின் 17ஆம் கம்பெனி, 1916 ஏப்ரலில் ஊர் விழுந்தபோது கைதானது.

கல்லில் இடமில்லையா? 1927இல் பிரான்சின் நவ் ஷபேல் நினைவுச் சின்னத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயரை வெட்டியது இதே ஆணையம்தான். ஐரோப்பியர் கண்ணில் படும் இடத்தில் பெயர், படாத இடத்தில் எண். எனக்கு அப்படித்தான் படுகிறது.

1997இல் சதாம் உசேன் ஆணையிட்டார். பஸ்ராச் சின்னத்தை முழுசாகப் பெயர்த்து, நாசிரியா சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளி, வளைகுடாப் போர் நடந்த வெட்டவெளியில் மறுபடி நிறுத்தினார்கள். கார்களை அடுக்கிய டிரெய்லர்கள் ராப்பகலாக ஓடும் எங்கள் சாலையைப் பார்த்தவனுக்கு அந்தப் பாரத்தின் அருமை தெரியும். ஆனால் எண் எண்ணாகவே போய்ச் சேர்ந்தது.

2021இல் ஆணையமே அமைத்த குழு உண்மையை ஒப்புக்கொண்டது: 45,000 முதல் 54,000 பேர் வரை, பெரும்பாலும் ஆசிய, ஆப்பிரிக்கர்கள், சமமின்றி நினைவுகூரப்பட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மன்னிப்பும் கேட்டார்கள்.

இன்று ஆணையத்தின் இணையப் பட்டியலில் பஸ்ரா என்று தேடினால் துரையும் சிப்பாயும் ஒரே வரிசையில் வருகிறார்கள். பல இந்தியர்களுக்குத் தகப்பன் பெயரும் ஊரும்கூட இருக்கும். கொள்ளுத்தாத்தா பட்டாளத்துக்குப் போய்த் திரும்பவில்லை என்று வீட்டில் பேச்சிருந்தால் தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். நாலைந்து விதமாக அடித்துப் பார்க்க வேண்டும்.