கும்ரி: இடுப்பின் பெயரில் மறைந்திருந்த தண்டுவட நோய்

இந்தியக் குதிரை லாயங்களில் 'கும்ரி' என்றொரு நோய் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. நேற்று வரை ஓடிய குதிரை இன்று பின்னங்கால்களை இழுத்துத் தள்ளாடும். கடுமையானால் எழ முடியாமற் படுத்துவிடும். பாரசீகத்தில் 'கமர்' என்றால் இடுப்பு. பெயர் சுட்டிய இடத்திலேயே மருத்துவர்களின் பார்வையும் நிலைத்தது. ஜப்பானில் ஆடுகளைத் தாக்கிய இதையொத்த நோய்க்கும் 'இடுப்பு வாதம்' என்றே பெயர் வழங்கியது.

இவ்விரு பெயர்களையும் ஒரே காரணத்தோடு இணைத்த ஆய்வில் இலங்கைக்கு முக்கிய இடமுண்டு. 1952இல் இன்னஸ், ஷோஹோ, பெருமாள் பிள்ளை ஆகிய மூவரும் 'செடேரியா டிஜிடேட்டா' என்னும் புழுவின் இளம்பருவமே ஆடுகளின் மூளையையும் தண்டுவடத்தையும் சிதைக்கிறது என்றும், குதிரை நோய்க்கும் அதுவே காரணமாகலாம் என்றும் எழுதினர். 1955இல் இன்னஸும் பிள்ளையும் இலங்கைக் குதிரைகளின் கும்ரியை இந்நோயாகவே அடையாளங்கண்டனர்.

இப்புழு இயல்பில் மாடு, எருமை ஆகியவற்றின் வயிற்றறையில் வாழ்வது. அங்கே பெருந்தீங்கு செய்வதில்லை. கொசு அதன் நுண்புழுவை மாட்டிலிருந்து எடுத்துக் குதிரைக்குக் கொண்டுசெல்லும்போது, பழகாத உடலில் அது வழிதவறி நரம்பு மண்டலத்துக்குள் நுழைகிறது. ஆகவே குதிரையின் நோய்க்கு வேர் அண்டைத் தொழுவத்தில் இருந்தது. அதனை நுண்ணோக்கியில் காண்பதும் எளிதன்று. புழு சென்ற தடம் மிகச் சிறியது. தண்டுவடத்தைத் தொடர்ச்சியாக மெல்லிய சீவல்களாக்கித் தேட வேண்டும். அதற்குக் குதிரை இறந்திருக்க வேண்டும்.

உயிருள்ள விலங்கில் நோயறிய எஞ்சும் வழி மூளைத் தண்டுவட நீர். 1891இல் குவிங்கே மனிதர்க்கு வகுத்த இடுப்புத் துளையீட்டு முறை குதிரைக்கும் ஏற்றதாயிற்று. பிடரியிலிருந்தும் நீர் எடுப்பதுண்டு. அந்நீரில் கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி மிகுந்தால் நரம்புத்திசு சிதைந்தது எனக் கொள்ளலாம் என ஒரு காலத்தில் நம்பினர். ஆனால் ஊசி செல்லும் வழியிலுள்ள கொழுப்புத்திசு கலந்தாலும் அவ்வளவு உயரும் எனப் பின்னர்த் தெரிந்தது. இன்று நரம்பிழைப் புரதங்களை அளக்கின்றனர். அவை சிதைவு நேர்ந்ததைச் சொல்லும். சிதைத்தது எது என்று சொல்லா. 'இடுப்பு' என்ற பழைய பெயரின் குறையும் இதுவே: விளைவைக் காட்டியது, காரணத்தைக் காட்டவில்லை.

இன்னஸும் ஷோஹோவும் 1953இல் இந்நோய் மனிதர்க்கும் நேரலாம் என்ற ஐயத்தை மனித நரம்பியல் இதழொன்றிலேயே எழுப்பினர். கால்நடை மருத்துவர்கள் மட்டும் படித்து அமையும் செய்தி அன்று என அவர்கள் கருதியிருக்க வேண்டும். மனிதரின் தண்டுவட நீரை ஆராயும் நிம்ஹான்ஸும், ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பெங்களூரு என்னும் ஒரே நகரில் உள்ளன. மாடு, கொசு, குதிரை ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்கியபோதுதான் கும்ரியின் காரணம் புலப்பட்டது. துறைகளுக்கிடையே அத்தகைய நோக்கு இல்லாதவிடத்து, எத்துணை நுட்பமான அளவீடும் பாதி விடையே தரும்.