சாலை ஏறாத கேமரா: கொல்லிமலைக் காட்டின் வரலாற்றை ஒளிப்படங்களில் தேடுதல்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரில், மேற்கு வர்ஜீனியாவின் போகஹான்டஸ் வட்டாரத்தில் காஸ் என்றொரு மரவெட்டு ஊர் இருக்கிறது. 1901இல் ஒரு காகிதக் கம்பெனி அதை உருவாக்கியது. அறுப்பாலை 1960 வரை ஓடியது. இத்தகைய ஊர்களின் ஒளிப்படங்கள் ஏராளம். வெட்டிச் சாய்த்த அடிமரத்தின்மேல் வரிசையாக நிற்கும் கூலியாட்கள், செங்குத்துப் பாதையில் மரம் இழுக்கும் நீராவி எஞ்சின், பலகை அடுக்குகளுக்குப் பின்னால் மொட்டையான சரிவு. கம்பெனி தன் சொத்தைக் காட்டப் படமெடுத்தது. ஊர் ஊராகத் திரிந்த படக்காரர்கள் கூலிநாளில் வந்து ஆளுக்கொரு பிரதி விற்றார்கள். காட்டின் அழிவுக்கு இப்படி நாள்வாரியான சாட்சியம் சேர்ந்துபோனது, யாரும் அதை நோக்கமாகக் கொள்ளாமலே.

கொல்லிமலைக்கு இத்தகைய தொகுப்பு இல்லை. தண்டவாளம் போட்டு மரம் இறக்கிய கம்பெனி எதுவும் அந்த மலைக்கு வந்ததில்லை என்பதே நேரடிக் காரணம். இந்த இன்மையிலிருந்து இரண்டு பிழையான முடிவுகள் எளிதாகப் பிறக்கின்றன: கொல்லிமலைக் காடு அண்மைக்காலம் வரை கைபடாமல் இருந்தது என்பது ஒன்று, அங்கு வாழ்ந்தவர்களுக்குப் பதிவு செய்யத்தக்க மாற்றம் எதுவும் நேரவில்லை என்பது மற்றொன்று. கேமரா எங்கே போயிற்று என்பதைச் சாலையும் கூலியும் பங்களாவும் முடிவு செய்தன. அதனால் கொல்லிமலையில் காட்டின் வரலாற்றைத் தேடுபவர் படத்தின் மையத்தை விட்டு அதன் பின்புலத்தைப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். (கொல்லிக்குப் படிமம் புதிதன்று. காண்போரை மயக்கும் ‘கொல்லிப் பாவை’யைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். மலையைவிட அதிலுள்ள ஓர் உருவம் புகழ்பெறுவது அங்கே பழைய வழக்கம்.)

தமிழகத்தில் அப்பலாச்சியாவுக்கு நெருங்கிய ஒப்புமை ஆனைமலை. அங்குள்ள டாப்சிலிப் என்ற பெயரே உச்சியிலிருந்து தேக்குக் கட்டைகளைச் சறுக்கிவிட்ட தொழிலின் மிச்சம். அதற்கு அப்பால், பரம்பிக்குளத்தையும் சாலக்குடியையும் இணைத்த கொச்சி வன டிராம்வே 1907 முதல் 1963 வரை மரம் சுமந்தது. யானையும் கட்டையும் தண்டவாளமும் சேரும் இடத்தில் படமும் சேரும். கொல்லிமலையின் காட்டு வரலாறு வேறு வகையானது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காப்புக்காடுகள் பெரிதும் மலையின் சரிவுகளில் அமைந்தன. மேலேயுள்ள பீடபூமியில் வயலும் புன்செயும் ஊர்களும். அங்கே மரம் குறைந்தது மெல்ல, வயல் வயலாக. கொடுவாளுக்கும் கலப்பைக்கும் விளம்பரப் படம் எடுப்பார் இல்லை.

இனி, கேமரா ஏறிய சேர்வராயன் மலை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் அங்கே காப்பி ஏறியது. காப்பியோடு ஐரோப்பியரின் வீடுகளும் ஏறின. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் மலையாளிப் பழங்குடியினரின் உடலளவுகளை எடுத்தது இந்தச் சேர்வராயனில்தான். அவரும் ரங்காச்சாரியும் 1909இல் வெளியிட்ட ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ ஏழு தொகுதிகளும் பின்வந்தோருக்கு மூலநூலாயின. சேர்வராயனின் ஏற்காட்டில் அளக்கப்பட்ட உடல் எல்லா மலைகளின் மலையாளிக்கும் மாதிரியாயிற்று. மலையாளிகளின் சொந்த மரபு இதற்கு ஒத்துவராது. காஞ்சியிலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் மூவரும் வெவ்வேறு மலைகளுக்குப் பிரிந்து போனதாகச் சொல்லும் கதை, மலைக்கு மலை வேற்றுமையை முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. கொல்லிமலைக்குள்ளேயே வாழவந்திநாடு, சேலூர்நாடு, தின்னனூர்நாடு, குண்டூர்நாடு எனப் பல நாடுகள். ஒவ்வொன்றும் தன் எல்லையும் முறையும் உடையது. ‘மலையாளி ஆண், பக்கத் தோற்றம்’ என்ற வகைப் படத்தலைப்பில் நாட்டுக்கும் ஊருக்கும் இடமில்லை. அந்த ஆள் எந்தக் கொல்லையில் என்ன விதைத்தார் என்பதற்குச் சற்றும் இல்லை.

சேர்வராயனுக்குப் போன கேமரா கொல்லிக்கு ஏன் அதே அளவில் போகவில்லை? மலேரியா ஒரு காரணம். சாலையின்மை மற்றொன்று: ஏற வேண்டுமானால் நடக்க வேண்டும், அல்லது டோலியில் ஆள் சுமக்க வேண்டும். கண்ணாடித் தகடுகளையும் முக்காலியையும் சுமப்பவருக்கு இது பெரிய தடை. 1900இல் கோடாக் நிறுவனம் ஒரு டாலருக்குப் பிரௌனி கேமராவை விற்கத் தொடங்கியதும் எடை என்ற தடை தளர்ந்தது. படமெடுக்கும் காரணம் என்ற தடை மட்டும் நின்றது.

அந்தக் காரணத்தோடு வந்தவர்கள் மிஷனரிகள். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் 1913இல் திருமணம் முடித்து மலையேறினார்கள். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்துப் புகழ்பெற்ற பால் பிராண்ட் அவர்களுடைய மகன்; 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். ஜெஸ்ஸி நரம்புச் சிலந்திப் புழுவை உருவி எடுத்தார், கிணறு கட்டினார், பள்ளி நடத்தினார், 1929இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் முதுமையில் மிஷனின் பணி ஓய்வுக்குப் பிறகும் மலையை விடாமல், 1974இல் 95 வயதில் காலமானார். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளாத அந்த அம்மாளின் முகம்தான் இந்த மலைகளைப் பற்றி வெளிநாட்டு வாசகர்கள் மிகுதியும் அறிந்த முகம்!

மிஷன் படத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. தாய்நாட்டில் நன்கொடை தருபவர் பார்க்க வேண்டியவை நோயாளி, பள்ளிப் பிள்ளைகள், கட்டி முடித்த கோயில். மலை இவற்றுக்குப் பின்னால் நிற்கும் திரை. திரையாக நிற்பதால்தான் அது ஆய்வாளருக்குப் பயன்படுகிறது: முன்னிற்பவர்களை நேராக நிறுத்தி, சிரிக்காதே என்று சொல்லலாம், பின்னாலிருக்கும் வரப்பை யாரும் அலங்கரிப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சாமை நிற்கிறதா, மரவள்ளியா? சரிவில் மரவரிசை எந்த உயரத்தில் நின்றுபோகிறது? படியடுக்கு வயல்களின் கல்வரப்பு முழுதாக இருக்கிறதா, உடைந்திருக்கிறதா?

கடைசிக் கேள்விக்குப் பால் பிராண்டே ஒரு துணைச் சான்று தருகிறார். ‘ஒரு பிடி சேறு’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் முதுமையில் எழுதிய கட்டுரை, சிறுவயதில் மலையின் நெல்வயலில் தவளை பிடிக்க இறங்கிச் சேற்றைக் கலக்கிய பிள்ளைகளை ஒரு பெரியவர் தடுத்ததை நினைவுகூர்கிறது. கலங்கிய நீரோடு கீழ்வயலுக்கு இறங்கும் மண் மேல்வயலுக்குத் திரும்பாது என்பது பெரியவரின் கணக்கு. நினைவுக்குறிப்புக்கு நினைவின் குறைகள் உண்டு. அறுபது எழுபது ஆண்டு கழித்து, மண்ணரிப்பைப் பற்றிய கவலையோடு எழுதியது அது. ஆயினும் மண் இறங்கும் வேகத்தை அளக்க ஊருக்குள் ஓர் அளவை இருந்தது என்பதற்கு அது சாட்சி. வரப்பு தெரியும் எந்தப் பழைய படத்தையும் இந்த அளவையோடு சேர்த்துப் படிக்கலாம்.

பின்புலத்தைப் படிப்பதில் பெரிய பொறி பச்சை. சாமையும் தினையும் கேழ்வரகும் நின்ற நிலங்களில் சேலம், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால் மரவள்ளி பரவியது. சிறுதானிய விதைகளைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1990களிலிருந்து அங்கே பணிசெய்ய வேண்டியிருந்ததே மாற்றத்தின் அளவைச் சொல்லும். கூடவே காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்கொடி ஏறவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் வரிசை வரிசையாக உயர்ந்தது. அண்மைக் காலப் படமொன்றில் இது காடுபோலவே தோன்றும். கறுப்பு வெள்ளைப் படத்தில் குழப்பம் கூடும். பலாவின் குடைபோன்ற தலையையும் சில்வர் ஓக்கின் ஒல்லியான நெட்டை உருவையும் பிரித்தறியும் கண் வேண்டும். அப்படிப் பிரிக்காமல் ‘அன்று மொட்டை, இன்று பசுமை’ என்று இரண்டு படங்களை அருகருகே வைப்பது கண்காட்சிக்கு உதவலாம்; ஆய்வுக்கு உதவாது.

இன்னொரு வகைச் சான்று மலைவாசிகளின் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது: சந்தைக்கோ திருமணத்துக்கோ இறங்கியபோது கீழ்நாட்டு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படங்கள். அங்கே பின்னால் நிற்பது தீட்டிய திரை. அதில் மலை இருந்தாலும் அது ஓவியரின் மலை. காட்டைப் பற்றி இவை எதுவும் சொல்லா. படத்திலிருப்பவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதை, தர்ஸ்டன் காலத்து அளவைப் படம் சொல்லாததை, இவை சொல்லும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு தமிழகத்துப் பழைய ஸ்டுடியோக்களின் சேகரிப்புகளை எண்மமாக்கியிருக்கிறது. அப்பணி காலத்தோடு போட்டி போட வேண்டியிருந்தது. வெள்ளிக்காகப் பழைய நெகட்டிவ்களை எடைக்குப் போட்ட ஸ்டுடியோக்கள் பல. நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரம் ஊர்களை மையமாக்கி இத்தகைய தேடல் நடக்க வேண்டும். கிடைக்கும் பிரதிகளை மிஷன் படங்களோடு சேர்த்து அந்தந்த நாட்டுக்கே எடுத்துச் சென்று, ஆளின் பெயரைக் கேட்பதற்கு முன் கொல்லையின் பெயரைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஆளை மறந்த முதியவருக்கும் ஓடைக்கரைக் கொல்லை மறக்காது.

இன்று கொல்லிமலையில் அதிகம் படமாவது காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள். கேமரா சாலையைத் தொடர்ந்து போய்ச் சாலையையே படமாக்கிக்கொண்டது. ட்ரோன் எடுக்கும் அந்தக் காட்சிகளில் வளைவுகளின் இருபுறமும் காடு அடர்ந்து தெரிவது உண்மை. அது சரிவின் காப்புக்காடு. எழுபதாவது வளைவுக்கு மேலே மரவள்ளி நிற்கும் வயல்கள் படச்சட்டத்துக்குள் வருவதில்லை.