நுண்ணுயிரியல், நோயெதிர்ப்பியல் இளநிலைப் பாடத்திட்டத்தின் வரலாற்றுப் பின்புலம்: பாரிஸ் செய்முறை வகுப்பை (1889) முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நுண்ணுயிரியலையும் நோயெதிர்ப்பியலையும் ஒரே இளநிலைப் பட்டத்தில் இணைத்துக் கற்பிக்கும் வழக்கம் பல நாடுகளில் நிலைபெற்றுள்ளது. இவ்விணைப்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வுக்கூடப் பணியின் தேவையிலிருந்து தோன்றியது. பாஸ்டர் நிறுவனத்தில் 1889ஆம் ஆண்டு எமில் ரூ தொடங்கிய வகுப்பை மையமாகக் கொண்டு, அவ்வகுப்பு தன் மாணவர்களிடம் எதிர்பார்த்த முன்னறிவு, இன்று இளநிலைப் பட்டத்தைத் திட்டமிடுவோர்க்கு ஏன் சிக்கலாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாடத்திட்டம், எமில் ரூ, பாஸ்டர் நிறுவனம், சீரம், நோயெதிர்ப்பியல், பி.சி.ஜி., செங்கல்பட்டு ஆய்வு

முன்னுரை

பட்டப்படிப்பொன்றைத் திட்டமிடுவோர் பாடப்பொருள்களைத் தொகுத்து அவற்றைப் பருவங்களுக்குப் பகிர்ந்தளிப்பர். நுண்ணுயிரியல் பட்டத்தில் இப்பகிர்வு பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகிறது. நுண்ணோக்கியும் வளர்ப்பு முறைகளும் முதலில் வரும். வகைப்பாடும் நோய்க்கிருமிகளும் தொடரும். நோயெதிர்ப்பியல் இவற்றின் பின்னர் இடம்பெறும். இவ்வரிசை இயல்பானதெனத் தோன்றினும், இது அத்துறையின் கண்டுபிடிப்புகள் நிகழ்ந்த கால வரிசையே. ஒரு துறை வளர்ந்த வரிசையிலேயே அதனைக் கற்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. வேதியியலை எவரும் இரசவாதத்திலிருந்து தொடங்கிக் கற்பிப்பதில்லை.

பெர்லினிலிருந்து பாரிஸுக்கு

நுண்ணுயிரியலைக் கற்பிக்கத்தக்க துறையாக்கியது கோட்பாடு அன்று, கைவினையே. ராபர்ட் கோக் 1881இல் இலண்டனில் நடைபெற்ற பன்னாட்டு மருத்துவ மாநாட்டில் திண்ம ஊடகத்தில் நுண்ணுயிர்களைத் தனித்தனியே வளர்க்கும் முறையைச் செய்து காட்டினார். அவர் பயன்படுத்திய ஜெலட்டின் உடல் வெப்பநிலையில் உருகிவிடும். சில பாக்டீரியங்கள் அதனைக் கரைத்தும்விடும். கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலில் பயன்படுத்திவந்த அகரை அதற்கு மாற்றாகப் பரிந்துரைத்தார். தமிழ் முஸ்லிம் இல்லங்களில் நோன்புக் காலத்து இனிப்பாகக் காய்ச்சப்படும் கடல்பாசிதான் இந்த அகர். 1884இல் கிராமின் சாயமேற்றும் முறையும் 1887இல் பெட்ரியின் தட்டும் வந்து சேர்ந்தன. இன்றைய முதலாண்டு மாணவரின் செய்முறைப் பதிவேட்டில் காணப்படும் பயிற்சிகளுள் கணிசமானவை இந்த ஆறேழு ஆண்டுகளில் உருவானவை.

இவை நூலைப் படித்து அறியத்தக்கவை அல்ல; கையால் பழக வேண்டியவை. எனவே 1885இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் நலவியல் பேராசிரியரான கோக்கிடம் செய்முறை கற்கப் பல நாட்டு மருத்துவர்கள் சென்றனர். பிரான்ஸ் இதனை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க விரும்பவில்லை. 1870ஆம் ஆண்டுப் போரின் கசப்பு அறிவியலிலும் படிந்திருந்த காலம் அது. கோக்கும் பாஸ்டரும் வெளிப்படையாகவே மோதிக்கொண்டனர். ஆயினும் 1888இல் பாஸ்டர் அணியைச் சேர்ந்த அலெக்சாந்தர் யெர்சின் பெர்லினுக்குச் சென்று கோக்கின் முறைகளைக் கற்றுத் திரும்பினார். பகைநாட்டின் பாடமுறையைப் பயின்றே பாரிஸ் தன் வகுப்பை அமைத்தது என்பது பாடத்திட்ட வரலாற்றில் குறிப்பிடத்தக்க செய்தி.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் வெற்றியைத் தொடர்ந்து, பன்னாட்டு மக்களின் நன்கொடையால் எழுந்த பாஸ்டர் நிறுவனம் 1888 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மார்ச்சில் ரூ தம் நுண்ணுயிர்ச் செய்முறை வகுப்பைத் தொடங்கினார். விரிவுரையும் ஆய்வுமேசைப் பயிற்சியும் அதில் இணைந்தே நடந்தன. யெர்சின் செய்முறை உதவியாளராக இருந்தார். அவர் 1890இல் கிழக்காசியாவுக்குப் புறப்பட்டபின் அவ்விடத்துக்கு வந்தவர் வால்தெமர் ஹாஃப்கின். பின்னாளில் இந்தியாவுக்கு வந்து காலராத் தடுப்பூசியையும் பிளேக் தடுப்பூசியையும் மக்களுக்கு இட்டவர் இவரே. அதே 1890இல் மாணவராக அமர்ந்தவருள் ஒருவர் கடற்படை மருத்துவரான ஆல்பர்ட் கால்மெட்.

சீரத்தின் வழியே வந்த நோயெதிர்ப்பியல்

இவ்வகுப்புக்குள் நோயெதிர்ப்பியல் தனிப்பாடமாக நுழையவில்லை. 1888இல் ரூவும் யெர்சினும் தொண்டை அடைப்பான் கிருமியின் வளர்ப்பு நீர்மத்தை வடிகட்டி, கிருமி நீங்கிய வடிநீரே விலங்கைக் கொல்லும் என மெய்ப்பித்தனர். 1890இல் பெர்லினில் பெரிங்கும் கிடசாட்டோவும், நச்சுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற விலங்கின் சீரத்தை மற்றொரு விலங்குக்கு ஏற்றினால் அதுவும் காக்கப்படும் எனக் கண்டனர். குதிரைகளிலிருந்து பெற்ற சீரத்தைப் பாரிஸ் குழந்தைகளுக்கு அளித்த முடிவுகளை 1894இல் ரூ புடாபெஸ்ட் மாநாட்டில் அறிவித்தபோது, இறப்பு விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. 1896இல் விடால் சோதனை சீரத்தைக் கொண்டே குடற்காய்ச்சலை அறியலாம் எனக் காட்டியது.

கிருமியை வளர்ப்பவர், வடிப்பவர், குதிரைக்கு ஏற்றுபவர், சீரத்தை அளவிடுபவர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் பணியாற்றினர். இரு துறைகளும் ஒரே பட்டத்தின் பெயரில் இணைந்து நிற்பதன் வேர் இந்த மேசைப் பகிர்வில் உள்ளது. அதே நிறுவனத்தில் மெச்னிகோவ் விழுங்கணுக்களைப் பற்றிப் பேசிவந்தார். ஆனால் சீரம் மருந்தாயிற்று, சோதனையாயிற்று. விழுங்கணு அவ்வாறு உடனடிப் பயன் தரவில்லை. ஆய்வுக்கூடப் பயிற்சியில் சீரவியல் முன்னுக்கு வந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் எனக் கருதலாம்.

இணைப்பு மிக விரைவில் நெகிழத் தொடங்கியது. 1901இல் லேண்ட்ஸ்டெய்னர் கண்ட இரத்த வகைகளிலும், 1902இல் ரிஷேயும் போர்த்தியேவும் விவரித்த மிகையுணர்ச்சி அதிர்ச்சியிலும் நுண்ணுயிரே இல்லை. 1942இல் லேண்ட்ஸ்டெய்னரும் மெரில் சேஸும், சீரத்தால் மாற்ற இயலாத தோல் எதிர்வினையை அணுக்களால் ஒரு கினிப்பன்றியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம் என நிறுவினர். எதிர்ப்பொருள் உருவாக்கத்தில் பறவைகளின் பர்சா என்னும் உறுப்புக்கு உள்ள பங்கை உணர்த்திய 1956ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்தது கோழியியல் இதழொன்றில்! 1961இல் தைமஸ் சுரப்பியின் பணியை ஜாக்ஸ் மில்லர் விளக்கினார். மறுபுறம், வினோகிராட்ஸ்கியும் பெய்ஜெரிங்கும் மண்ணின் நுண்ணுயிர்களை நோயோடு தொடர்பின்றி ஆராய்ந்தனர். கலிபோர்னியாவின் கடற்கரையில் வான் நீல் நடத்திய புகழ்பெற்ற கோடை வகுப்பு அம்மரபில் வந்தது.

இளநிலை மாணவரும் விடுபட்ட முன்னறிவும்

ரூவின் வகுப்புக்கு வந்தவருள் பெரும்பாலோர் மருத்துவம், கால்நடை மருத்துவம், மருந்தியல் போன்றவற்றை முன்னரே கற்றவர்கள். நிணநீர் முடிச்சு எங்குள்ளது, காய்ச்சலில் உடல் என்ன செய்கிறது என்பவற்றை அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆகவே அவ்வகுப்பு நேரடியாகக் குடுவையிலிருந்து தொடங்க முடிந்தது. பள்ளியிலிருந்து நேரே வரும் பதினெட்டு வயது மாணவருக்கு அதே வரிசையை அளிக்கும்போது, பாரிஸ் வகுப்பு சொல்லாமல் விட்டது எதுவோ அதுவும் சேர்ந்தே விடுபடுகிறது. உடலியங்கியலின் துணையின்றி இறுதிப் பருவத்தில் வந்துசேரும் நோயெதிர்ப்பியல், பெயர்களின் மனப்பாடமாகச் சுருங்குவதில் வியப்பில்லை. முதல் வாரத்திலிருந்தே ஆய்வுமேசையில் நிற்க வேண்டும் என்னும் ரூவின் நெறி இன்றும் ஏற்கத்தக்கது. அவர் வகுத்த எல்லை அவ்வாறன்று. உடலியங்கியலும் புள்ளியியலும் முதலாண்டிலேயே இடம்பெற்று, இரண்டாமாண்டில் நோயெதிர்ப்பியல் தொடங்கும் அமைப்பே இளநிலைக்குப் பொருந்தும்.

இதன் தேவையைக் கால்மெட்டின் பிற்காலப் பணி தெளிவாகக் காட்டுகிறது. அவரும் கெரினும் 1908 முதல் 1921 வரை, மாட்டின் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் மாட்டுக் காசநோய்க் கிருமியை 230 முறை மாற்றி வளர்த்து பி.சி.ஜி. தடுப்பூசியை உருவாக்கினர். வளர்ப்புக் கலையின் உச்சம் எனத்தக்க அத்தடுப்பூசி மனிதருக்கு முதன்முதலாக இடப்பட்டது 1921இல். காசநோய்க்கான தோல் எதிர்வினை அணுக்களால் கடத்தப்படுவது என சேஸ் காட்டியது 1945இல். இடைப்பட்ட காலத்தில் தடுப்பூசி இருந்தது. அது செயற்படும் வழி குறித்த விளக்கம் இல்லை.

1948இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய பெரும் கள ஆய்வு தொடங்கியது. பிரித்தானியப் பள்ளி மாணவரிடையே ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பளித்த அதே தடுப்பூசி, இங்குப் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என 1979இல் வெளியான முதல் முடிவுகள் அறிவித்தன. இதற்கு முன்வைக்கப்பட்ட விளக்கங்களுள் ஒன்று, வெப்பமண்டல மண்ணிலும் நீரிலும் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்கள், தடுப்பூசி இடப்படுமுன்பே மக்களின் உடலை ஓரளவு பழக்கிவிட்டிருந்தன என்பது. பெய்ஜெரிங் மரபினர் ஆராய்ந்த மண்ணும், சேஸ் ஆராய்ந்த அணுக்களும், மக்கள்தொகைப் புள்ளியியலும் இவ்வொரு விளக்கத்தில் சந்திக்கின்றன. ஊடகம் காய்ச்சவும் சாயமேற்றவும் மட்டும் பழகிய மாணவர் செங்கல்பட்டு அறிக்கையைக் கையில் எடுத்தால், அதன் அட்டவணைகளைக் கடந்து செல்ல அவரால் இயலாது.